அருவியைப் படமெடுப்பது: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

கே: அண்ணா, தண்ணீர் பட்டு மாதிரி வர என்ன செட்டிங்?

ப: ட்ரைபாட், ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 8 அல்லது 11, ஷட்டர் (ஒளி உள்ளே வரும் நேரம்) கால் நொடியிலிருந்து ஒரு நொடிக்குள். 2 நொடி டைமர் போட்டால் விரல் பட்ட ஆட்டம் படத்தில் விழாது. வெயில் ஏறிவிட்டால் ஒளியை ஆறு முறை பாதியாக்கும் 6 ஸ்டாப் என்டி ஃபில்டர் (கருங்கண்ணாடி) வேண்டும். அது இல்லையென்று எஃப் 22 வரை துளையைச் சுருக்காதீர்கள், சிறு துளையில் ஒளி வளைந்து பரவும் டிஃப்ராக்‌ஷனால் பாறையின் கூர்மை மழுங்கிவிடும். இன்னொன்று: தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் அடித்து வந்தால் ட்ரைபாடை விட்டுவிட்டுக் கரையேறுங்கள்.

கே: சார், எந்த கேமரா வாங்கலாம்?

ப: கையில் இருப்பதே போதும். முதலில் ட்ரைபாட் வாங்குங்கள்.

கே: பட்டு மாதிரி எடுப்பதே பொய்தானே? கண்ணுக்கு அப்படித் தெரிவதில்லையே!

ப: 1/1000 நொடியில் துளித்துளியாக உறைந்து நிற்பதையும் எந்தக் கண்ணும் பார்த்ததில்லை. ஷட்டர் எவ்வளவு நேரம் என்பதை அருவியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். குற்றாலம் பேரருவி நேரே தரைக்கு வராது. நடுவில் பொங்குமாங்கடல் என்ற பாறைப் பள்ளத்தில் விழுந்து, பொங்கி, அங்கிருந்து மறுபடி இறங்கும். சீசன் உச்சத்தில் ஒரு நொடி வைத்தால் அந்தப் பொங்கல் மொத்தமும் சுண்ணாம்பு அடித்தது போல் வெளுத்துவிடும். 1/15 வைத்துப் பாருங்கள்: தண்ணீர் இறங்கும் தடமும் தெரியும், பாறையில் மோதித் தெறிக்கும் திவலையும் தெரியும். தண்ணீர் குறைந்து நூலாக வழியும்போது அரை நொடி அழகு. ஒகேனக்கல்லில் வெள்ளம் வரும்போது 1/250ஐவிட மெதுவாக வைத்தால் அந்த மூர்க்கமே போய்விடும்.

கே: மறுபடியும் நான்தான். அப்படியென்றால் என்டி ஃபில்டர் வீண் செலவா?

ப: இல்லை. நூலருவிக்கும் பகல் வெளிச்சத்துக்கும் அது வேண்டும். எல்லா அருவிக்கும் ஒரே வேகம் வைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். அப்படி எடுத்த படங்களில் ஊர்ப்பெயரை மறைத்துவிட்டால் எது எந்த அருவி என்றே சொல்ல முடியாது. உங்கள் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது.

கே: அருவியில் வானவில் எப்படிக் கிடைக்கும்?

ப: சூரியன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். உங்கள் தலைநிழல் விழும் திசையிலிருந்து 42 பாகை தள்ளி வில் தெரியும். அதனால் காலையோ மாலையோ போங்கள். உச்சிவெயிலில் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கிடைக்காது. ஈரப்பாறையின் பளபளப்பைக் குறைக்க சிபிஎல் என்ற போலரைசர் ஃபில்டர் மாட்டியிருப்பீர்கள், அதைத் திருப்பும்போது கவனம்: ஒரு கோணத்தில் வானவில்லையே அழித்துவிடும்.

கே: அண்ணா, என்ன செட்டிங்?

ப: முதல் பதில்.

கே: மொபைலில் முடியுமா?

ப: முடியும். ஐபோனில் லைவ் போட்டோ எடுத்து, பிறகு லாங் எக்ஸ்போஷராக மாற்றுங்கள். ஆண்ட்ராய்டில் ப்ரோ மோட் இருந்தால் ஷட்டரை நீங்களே வைக்கலாம். போனைப் பாறை மேல் சாய்த்து வைத்தாலும் போதும், வழுக்காத பாறையாகப் பாருங்கள்.

கே: ட்ரோன் பறக்கவிடலாமா?

ப: காட்டுக்குள் என்றால் வனத்துறையிடம் கேளுங்கள்.

கே: லென்ஸில் சாரல் அடித்துக்கொண்டே இருக்கிறதே?

ப: சட்டை நுனியால் துடைக்காதீர்கள். இரண்டு மூன்று மைக்ரோஃபைபர் துணி வேண்டும். ஃப்ரேமை முடிவு செய்யும்வரை லென்ஸ் மூடியே இருக்கட்டும். திறந்து, துடைத்து, உடனே எடுங்கள்.

கே: அருவிக்கு நடுப்பாறையில் நின்று எடுத்தால்தானே நல்ல ஆங்கிள்?

ப: வேண்டாம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவனை அடித்துப் போனது. நீங்கள் நிற்கும் இடத்தில் மழையே இல்லாவிட்டாலும் மேலே மலையில் பெய்தால் போதும். கரையில் நின்று, தூரத்தைக் கிட்டே காட்டும் 70-200 லென்ஸில் எடுங்கள்.

கே: எனக்கும் செட்டிங் சொல்லுங்கள் சார்.

ப: முதல் பதிலைப் படியுங்கள், அதில் கடைசி வரியையும் சேர்த்து.