கடன் வாங்கி சமூகவியல் படிக்கலாமா: கோத்தகிரித் தங்கைக்கு

தங்கச்சி, கோவைத் தனியார் கல்லூரியில் பி.ஏ. சமூகவியலுக்கு 4 லட்சம் கடன், அப்பாவுக்குப் பச்சைத்தேயிலை வருமானம் மட்டும் என்று எழுதியிருக்கிறாய். நானும் சமூகவியல்தான், கூடலூர்ப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் முதல் சம்பளம் 14,000. அதில் வாடகையும் பஸ் செலவும் போக மிச்சம் பிடிக்கவே திண்டாடினேன்.

கணக்கைப் பார். 10% வட்டி, வருஷா வருஷம் பிரித்து வாங்குகிறாய் என்று வைத்துக்கொள். படிக்கும் 3 வருஷமும் அடுத்த 1 வருஷமும் தவணை கேட்க மாட்டார்கள், ஆனால் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். கட்ட ஆரம்பிக்கும்போது கடன் 5.2 லட்சம். 7 வருஷத்தில் அடைத்தால் மாதம் சுமார் 8,600. என் முதல் சம்பளத்தில் பாதிக்கு மேல்!

படிப்பைக் குறை சொல்லவில்லை, அந்த விலைதான் உறுத்துகிறது. ஊட்டி அரசுக் கலைக் கல்லூரியில் வரலாறோ பொருளாதாரமோ எடு. கட்டணம் சில ஆயிரம்தான். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 வரும். எம்.ஏ.வில் சமூகவியலுக்கு மாறிக்கொள்ளலாம். குரூப் 2 தேர்வுக்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும்.

அப்பா தோட்டத்தை அடகு வைக்கிறேன் என்றால் மட்டும் சம்மதிக்காதே. இந்தத் தொகைக்கு வங்கி அடமானம் கேட்கக்கூடாது.