மூன்று தலைமுறையோடு மத்தியதரைக் கடலோரம்

கேள்வி: மாமனார் (76), மாமியார் (71), நாங்கள் இருவர், கொழுந்தனாரும் அவர் மனைவியும், 4, 9, 15 வயதுகளில் மூன்று பிள்ளைகள் என ஒன்பது பேராக ஆகஸ்ட் மாதம் பிரான்சின் தெற்குக் கடற்கரைக்குச் செல்ல நினைக்கிறோம். நீஸ், ஆன்டீப், ஏஸ், மொனாக்கோ, மாந்தோன் என ஊருக்கு இரண்டு நாளாக என் கணவர் திட்டம் வகுத்திருக்கிறார். மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. அவர் சைவ உணவு மட்டுமே உண்பவர். எல்லோருக்கும் ஒத்துவருமாறு இதை எப்படி அமைக்கலாம்?

பதில்: உங்கள் கணவரின் பட்டியலில் உள்ள ஊர்கள் அனைத்தும் பார்க்கத் தக்கவை என்றாலும், இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒன்பது பேரின் பெட்டிகளைக் கட்டி அவிழ்ப்பதை நான் ஏற்கமாட்டேன். அந்தக் களைப்பு முதலில் முதியவர்களையும் நான்கு வயதுக் குழந்தையையும் பாதிக்கும். அடுத்தபடியாக, அவர்களைக் கவனிக்கும் உங்களைப் பாதிக்கும். நீஸிலிருந்து மாந்தோன் வழியாக இத்தாலியின் எல்லை ஊரான வென்டிமிலியா வரை ரயில் பாதை பெரும்பாலும் கடலை ஒட்டியே செல்கிறது. மேற்கே ஆன்டீப்பும் அதே பாதையில்தான் இருக்கிறது. ஆகவே ஓர் ஊரிலேயே தங்கி, விருப்பமுள்ளவர்கள் மட்டும் காலையில் ரயிலேறிச் சென்று மாலையில் திரும்புவது எளிது.

தங்குவதற்கு நான் பரிந்துரைப்பது ஆன்டீப். நீஸ் நகரக் கடற்கரை கூழாங்கற்களால் ஆனது. தண்ணீரில் சில அடிகள் வைத்ததுமே ஆழம் கூடிவிடும். ஆன்டீப்பின் பழைய நகர மதிலை ஒட்டியுள்ள கிராவெத் கடற்கரையோ அலைதடுப்புச் சுவருக்குள் அடங்கிய சிறிய மணற்பரப்பு. சிறு குழந்தையை அங்கே இறக்கிவிடுவதில் எனக்கு அச்சம் குறைவு. அருகில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது மட்டும் எங்கும் மாறாது. வீடு எடுக்கும்போது மின்தூக்கி இருக்கிறதா என்று எழுத்து மூலம் கேட்டு உறுதி செய்யுங்கள். பழைய நகரக் கட்டடங்கள் பலவற்றில் அது கிடையாது. அங்கே ‘முதல் மாடி’ என்பதற்கே குறுகலான படிக்கட்டில் ஏற வேண்டியிருக்கும். மாமியாரின் முழங்காலுக்கு, கடல் தெரியும் சன்னலைவிட இதுவே முக்கியம்.

பட்டியலில் நான் நீக்கச் சொல்வது ஏஸ். மலையுச்சியில் அமைந்த அந்தக் கிராமம் அழகானதுதான். ஆனால் அதன் தெருக்கள் கல் பதித்த ஏற்றங்களும் படிகளுமே. ரயில் நிலையம் கீழே கடலோரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிராமத்திற்குச் செல்லும் நடைபாதை செங்குத்தானது. பதினைந்து வயதுப் பிள்ளையும் உங்கள் கணவரும் ஒரு காலைப்பொழுதில் ஏறி வரட்டும். மொனாக்கோவும் சரிவில் அமைந்த ஊர்தான் என்றாலும், அங்கே பொதுமக்களுக்கான மின்தூக்கிகளும் நகரும் படிகளும் பல இடங்களில் உள்ளன. 1910இல் முதலாம் ஆல்பர்ட் இளவரசர் திறந்துவைத்த கடலியல் அருங்காட்சியகத்தில் ஒன்பது வயதுப் பிள்ளையும் தாத்தாவும் சேர்ந்தே அரை நாளைக் கழிக்கலாம். நீஸிலும் கோட்டைக் குன்றின் உச்சிக்கு மின்தூக்கி உண்டு; மேலே அருவியும் குழந்தைகள் விளையாடும் இடமும் இருப்பதால் மூன்று தலைமுறையும் ஒன்றாகச் செல்ல அது தகுந்த இடம்.

ஆன்டீப்பிலேயே, 1946இல் பிக்காசோ தங்கி வரைந்த கிரிமால்டி கோட்டை இன்று அவர் பெயரிலான அருங்காட்சியகமாக இருக்கிறது. கடலைப் பார்த்த அதன் மாடிவெளியில் நிற்பதற்காகவேனும் ஒருமுறை சென்று வாருங்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை, ஆகஸ்டைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். பிரான்சிலும் இத்தாலியிலும் அது பள்ளி விடுமுறைக் காலம். வாடகையும் நெரிசலும் உச்சத்தில் இருக்கும், நண்பகல் வெயில் முதியவர்களை வாட்டும். செப்டம்பர் முற்பாதியில் கடல் நீர் ஜூன் மாதத்தைவிடவும் வெதுவெதுப்பாக இருக்கும். பிள்ளைகளின் பள்ளி அதற்கு இடந்தராவிட்டால் ஜூன் மாதம் போகலாம்.

மாமியாரின் உணவுக்கு, கடலைமாவைக் கரைத்துப் பெரிய தட்டில் ஊற்றிச் சூளையில் சுடும் ‘சொக்கா’ நீஸின் சொந்தப் பண்டம். மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு அவ்வளவே. ‘நீஸ் சாலட்’ என்ற பெயரைக் கண்டு காய்கறி என நம்பிவிடாதீர்கள், அதில் சூரை மீனோ நெத்திலியோ இருக்கும். வெங்காயம் பரப்பிய ‘பிசாலாதியேர்’ என்னும் அப்பத்திலும் நெத்திலி சேர்வதுண்டு. பல உணவகங்களில் மதியச் சமையல் இரண்டு மணியளவில் முடிந்துவிடும், இரவுச் சமையல் ஏழு மணிக்குப் பிறகே தொடங்கும். சர்க்கரை நோயாளி உடனிருந்தால் இந்த இடைவெளியை முன்கூட்டியே நினைவில் வையுங்கள்.

கேள்வி: என் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. அவரை இத்தகைய பயணத்திற்கு அழைத்துச் செல்லும்போது கவனிக்க வேண்டியவை என்ன?

பதில்: அவருடைய மருத்துவர் சம்மதிப்பது முதல் நிபந்தனை. பிரான்சுக்குச் செல்லத் தேவையான ‘ஷெங்கன்’ விசாவுக்குக் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) குறைந்தது 30,000 யூரோ மதிப்பில் மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். அந்தத் தொகையை மட்டும் பார்க்காமல், முன்பே இருந்த நோயைத் தெரிவித்து, அதற்கும் பொருந்தும் காப்பீடாக எடுங்கள். மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும். மருந்தின் வேதிப்பெயர் எழுதிய சீட்டும் உடனிருக்கட்டும். அவசரத்திற்கு 112ஐ அழைக்கலாம்.

கேள்வி: எனக்கு 68 வயது. என் கணவர் பக்கவாதத்திற்குப் பிறகு சக்கர நாற்காலியில் இருக்கிறார். மகனும் மருமகளும் எங்களை நீஸுக்கு அழைக்கிறார்கள். முன்பு ஒரு பயணத்தில் பைகளையும் பேரனையும் பார்த்துக்கொண்டே என் பொழுது முழுவதும் போயிற்று. இம்முறை போகத்தான் வேண்டுமா?

பதில்: போங்கள், அம்மா. ஆனால் புறப்படும் முன்பே மகனிடம் பேசிவிடுங்கள். பேரனோடு இருப்பது உங்களுக்குப் பிரியமான காரியமாக இருக்கலாம். அதற்காக எல்லா மாலைகளும் கேட்காமலேயே உங்கள் தலையில் விழுவது நியாயம் அன்று. எந்த மாலைகளில் நீங்கள் பேரனைப் பார்த்துக்கொள்வீர்கள், எந்தப் பொழுதுகள் உங்களுக்கே உரியவை என்று அவர்கள் முன்னிலையில் சொல்லிவிடுங்கள். கோபமாக அன்று, ஏற்பாடாகச் சொன்னால் பிள்ளைகள் ஏற்பார்கள் என்றே நம்புகிறேன்.

உங்கள் கணவருக்காகவே நீஸ் நல்ல தேர்வு. கடலோரமாகப் பல கிலோமீட்டர் நீளும் ‘பிரோமனாத் தேஸாங்லே’ நடைபாதை சமதளமானது. நாற்காலியைத் தள்ளிச் செல்லச் சிரமம் இராது. கோடையில், நடக்க இயலாதவர்களுக்கென நகராட்சி தனிக் கடற்கரைப் பகுதிகளை நடத்துகிறது. அங்கே நீர் விளிம்புவரை பாதை விரித்திருப்பார்கள். மிதக்கும் நாற்காலியில் அமர்த்திக் கடலுக்குள் அழைத்துச் செல்லப் பணியாளர்களும் இருப்பார்கள். என்ன சான்று வேண்டும், எந்த நேரத்தில் வரவேண்டும் என்பதை நகரின் சுற்றுலா அலுவலகத்திற்கு எழுதிக் கேட்கும் பொறுப்பை உங்கள் மகனிடம் ஒப்படையுங்கள். வெயில் ஏறாத காலை வேளையாகக் கேட்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் பைகளை மருமகள் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் உங்கள் கணவரோடு தண்ணீருக்குச் செல்லுங்கள்.