வேல் வேற, வாள் வேற ஆச்சி!

கேள்வி: துபாய்ல இருக்க மகனுக்குப் பையன் பொறந்திருக்கான். மூத்த பேரனுக்கு ஐயா பேரு விடுறதுதான் எங்க வழக்கம், எங்க வீட்டு அவுக பேரு வேலாயுதம். மருமக என்னடான்னா வாள்னு அர்த்தம் வர்ற பேருதான் வேணும்ங்குறா, மகன் ரெண்டும் ஒண்ணுதான ஆத்தாங்குறான். ஒண்ணுதானா?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: மகன் ரெண்டு பக்கமும் சமாளிக்கப் பாக்குறாரு ஆச்சி. வேல் குத்துறது, வாள் வெட்டுறது, பழனிக்கு நடந்து போற ஊர்க்காரவுகளுக்கு இத நான் சொல்லணுமா. வேலாயுதத்த மாத்தாதீக. ஆனா மாமனார் பேரச் சொல்லி மருமக புள்ளைய அதட்ட முடியாதுல்ல, எப்படியும் கூப்பிடுற பேருன்னு ஒண்ணு வேணும், அந்த எடத்த மருமகளுக்கு விட்டுக் குடுங்க.

பெருமாள் கையில இருக்க வாளுக்கு நந்தகம்னு பேரு, பேயாழ்வார அதோட அம்சம்னு சொல்வாக. அதனால நந்தகன்னு வைக்கலாம், நந்துன்னு கூப்பிட்டுக்கலாம், என் ஓட்டு இதுக்குத்தான். சந்திரஹாசன் கேக்க இன்னும் ஸ்டைலா இருக்கும், ஆனா சந்திரஹாசம்ங்குறது சிவபெருமான் ராவணனுக்குக் குடுத்த வாள், பேர் விடுற அன்னைக்கு யாராவது ஒரு பெரியவுக அதக் கெளப்பாம இருக்க மாட்டாக.

துபாய்ங்கவும் இன்னொண்ணு ஞாபகம் வருது. அரபியில சைஃப்னாலும் வாள்தான் ஹுசாம்னாலும் வாள்தான், ஆனா முஹன்னத்னு ஒரு பேரு இருக்கு பாருங்க, அதுக்கு இந்திய இரும்புல அடிச்ச வாள்னு அர்த்தம், ஹிந்த்ங்குறதுல இருந்து வந்தது. அந்தக் காலத்துல அரபிக்காரவுக நம்ம பக்கத்து உருக்குக்கு அம்புட்டு மவுசு குடுத்திருக்காக, ஈரோடு பக்கம் கொடுமணல்ல தோண்டுனப்ப மூசையில வச்சு உருக்கு காய்ச்சுன தடயமே கெடைச்சிருக்கு. மகன் ஆபீஸ்ல ஒரு முஹன்னத் இருந்தா விசாரிக்கச் சொல்லுங்க, அவரு பேருல பாதி நம்ம சரக்கு.

அம்புட்டு தூரம் எதுக்கு, பாகனேரியில மருது சகோதரர்கள் காலத்துல இருந்த அம்பலகாரர் பேரே வாளுக்கு வேலி, கத்தப்பட்டுல சிலை இருக்கு. வாளுக்கே வேலின்னா எப்பேர்ப்பட்ட பேரு! ஸ்கூல் அப்ளிகேஷன்ல இனிஷியலோட எழுதத்தான் கட்டம் பத்தாது.

கேள்வி: பொம்பளப் புள்ளைக்கு இப்படி இல்லையா?
– காரைக்குடி வாசகர்

பதில்: வாணுதல். ஆனா இதுல வாள்னா ஒளி, ஒளி வீசுற நெத்திக்காரின்னு அர்த்தம், வெட்டுற வாள் இல்ல. வேலு நாச்சியாரச் சொல்லிக் கேட்டு எழுதிராதீக, அது வேல்.

கேள்வி: நாயன்மார்ல வாள் பிடிச்சவுக உண்டா?
– குன்றக்குடி வாசகி

பதில்: எயினனூர் ஏனாதிநாதர், வாள் வித்தை சொல்லிக்குடுத்தே பொழச்சவரு. ஏனாதிங்குறது படைத்தலைவர்களுக்கு ராஜா குடுக்குற பட்டம். தொழில் போட்டியில அதிசூரன்னு ஒருத்தன் தனியா சண்டைக்குக் கூப்பிட்டு, நெத்தியில திருநீறப் பூசிக் கேடயத்தால மறைச்சுக்கிட்டு வந்தான், கிட்ட வந்ததும் கேடயத்த எறக்கிட்டான். நீறப் பாத்த பெறகு வெட்ட இவருக்கு மனசு வரல. வாளக் கீழ போட்டிருக்கலாம், ஆனா ஆயுதம் இல்லாதவனக் கொன்ன பழி அவனுக்கு வந்துரும்னு சண்ட போடுற மாதிரியே வாளப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு, அவன் வெட்டிட்டான்.