குடியிலிருந்து மீள்பவருக்குத் தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற உணர்வு எப்படி வரும்?

மதுவின் முன் சக்தியற்றவன் என்று முதலில் ஒப்புக்கொள்ளச் சொல்கிறார்கள், பிறகு உன் வாழ்க்கைக்கு நீயே பொறுப்பு என்கிறார்கள், இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று கேட்டிருக்கிறீர்கள். குடியை நிறுத்தி வாழ்பவன் நான். என் அனுபவத்தில் நன்றாகவே பொருந்துகிறது.

குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக நிற்கும், 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் பன்னிரண்டு படிகளில் முதலாவது அந்த ஒப்புதல். நான்காவது படி தன்னைத் தானே அஞ்சாமல் ஆராயச் சொல்கிறது. ஒன்பதாவது, தன்னால் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடுசெய்யச் சொல்கிறது. எதற்கும் சக்தியில்லாதவனிடம் இவற்றை யார் கேட்பார்கள்?

முதல் வாய் உள்ளே இறங்கிவிட்டால் எனக்குப் பிடி கிடையாது. அதற்கு முந்தைய நேரம் முழுவதும் என்னுடையது. எந்த வழியாக வீடு திரும்புவது, யாருடைய அழைப்பை எடுக்காமல் விடுவது, சம்பளத்தை யாரிடம் கொடுத்துவைப்பது, மாலையில் வயிறு காயாமல் பார்த்துக்கொள்வது. கேட்பதற்கு அற்பமாக இருக்கும். ஆனால் மன உறுதி வந்த பிறகு இவற்றைத் தொடங்கலாம் என்று காத்திருந்தவர்களுக்கு அது வரவே இல்லை. செய்யச் செய்யத்தான் எனக்கும் வந்தது.

நடப்பதெல்லாம் தன் செயலால் என்று ஒருவர் நம்புகிறாரா, விதியாலும் பிறராலும் என்று நம்புகிறாரா என்பதை அளக்க உளவியலாளர் ஜூலியன் ரோட்டர் 1966இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார். குடிக்கென்றே தனி அளவுகோலை 1978இல் டோனவனும் ஓலியரியும் வெளியிட்டார்கள். அது தேவைதான். தொழிலில் எல்லாவற்றையும் ஆட்டிவைப்பவர், குடி என்று வந்ததும் "நண்பர்கள் விடவில்லை" என்பதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

தன் வாழ்க்கை தன் கையில் என்ற நம்பிக்கை மிக அதிகமாகச் சோதிக்கப்படுவது சறுக்கலின்போது. ஒருமுறை குடித்துவிட்டு "நான் இவ்வளவுதான்" என்று முடிவுகட்டுபவர் அதோடு நிறுத்துவதில்லை. மீண்டும் குடியில் விழுவதை ஆராய்ந்த ஆலன் மார்லட் இதைத்தான் வற்புறுத்தினார். எந்த நேரம், எந்த இடம், யாருடன், என்ன மனநிலை என்று கேட்டுப் பார்த்தால் அடுத்த முறை மாற்றிச் செய்ய ஏதாவது அகப்படும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். நெடுநாள் அதிகமாகக் குடித்தவர் வைராக்கியத்தைக் காட்ட ஒரே நாளில் தானாக நிறுத்தக் கூடாது. வலிப்பும் கடுமையான மனக்குழப்பமும் வந்து உயிரே போகலாம். மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்துங்கள். குடிக்கும் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன் போன்ற மருந்துகளும் உண்டு.

மீண்டுவருபவர் உங்கள் வீட்டில் இருந்தால், பயத்தில் எல்லாப் பொறுப்பையும் அவரிடமிருந்து பிடுங்கிவிடாதீர்கள். பணத்தைச் சில காலம் நீங்கள் வைத்துக்கொள்ளலாம், அவர் சம்மதத்தோடு. பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் வேலையை அவரிடமே விடுங்கள்.