பரணில் ஏறிய பெயின்ட் பெட்டி: வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். வீடு, வேலை, பிள்ளைகள், வயதானவர்கள் எல்லாவற்றுக்கும் நடுவில் எப்போது வரைவது? நான் ஓவியக் கல்லூரியில் படித்தவள் இல்லை. முப்பத்தோரு வருடம் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்தவள். மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் ரயிலில் போய் வந்துகொண்டே வரையப் பழகினேன். அதனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகி: கல்லூரி நாட்களில் ஆயில் பெயின்டிங் கற்றுக்கொண்டேன். கல்யாணத்துக்கு முன் பதினைந்து கேன்வாஸ் முடித்திருக்கிறேன். இப்போது பையனுக்கு ஏழு வயது, பெண்ணுக்கு இரண்டு. பெயின்ட் பெட்டி பரணில் ஏறி நாலு வருடம் ஆகிறது. மத்தியானம் குழந்தை தூங்கும்போது நாற்பது நிமிஷம் கிடைக்கும். எல்லாவற்றையும் எடுத்து வைப்பதற்குள் எழுந்துவிடுகிறாள். பிள்ளைகள் வளரும்வரை வரைவதை விட்டுவிடலாமா அம்மா?

வரைவதை விடாதீர்கள். ஆயிலை மட்டும் இப்போதைக்கு விடுங்கள்.

உங்கள் நாற்பது நிமிஷம் எங்கே போகிறது என்று ஒரு நாள் கணக்குப் பாருங்கள். பரணிலிருந்து இறக்க வேண்டும், ஸ்டாண்டைப் பிரிக்க வேண்டும், பழைய துணி தேட வேண்டும், பேலட்டில் நிறத்தைப் பிதுக்க வேண்டும். முடிந்த பிறகு பிரஷ்ஷைக் கழுவி, டர்பன்டைன் பாட்டிலைக் குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் ஒளித்து, ஜன்னலைத் திறந்து வாடை போக்க வேண்டும். இதற்கே முக்கால்வாசி நேரம் போய்விடும். நடுவில் மிஞ்சும் பத்து நிமிஷத்தில் யாருக்கு மனசு பதியும்? உங்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். உங்களைச் சோர வைப்பது எடுத்து வைக்கிற வேலைதான்.

அதுவும் ஆயில் காய நாட்கணக்கில் ஆகும். இரண்டு வயதுக் குழந்தை ஓடும் வீட்டில் ஈரக் கேன்வாஸை எங்கே சாய்த்து வைப்பீர்கள்? டர்பன்டைன் வாடை குழந்தை தூங்கும் அறைக்கு ஆகவே ஆகாது. ஆயில் நிறத்தில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். பழைய பெட்டியை இறக்கும்போது அதில் அப்படித் துணி ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சில வருடத்துக்கு வாட்டர் கலருக்கு வாருங்கள். அதில் நிறப்பொடியைப் பிடித்து வைத்திருப்பது கருவேல இன மரத்தின் பிசின். காய்ந்து கல்லாகிப் போனாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் இளகிவிடும். இன்றைக்கு விட்ட இடத்தில் நாளன்றைக்குத் தொடரலாம். அக்ரிலிக் அப்படி இல்லை. காய்ந்தால் பிளாஸ்டிக், பிரஷ்ஷும் சேர்ந்து போய்விடும். குழந்தை அழுதால் பிரஷ்ஷை அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டியவர்களுக்கு அது சரிவராது.

என் பெட்டி ஒரு பழைய ஜாமெட்ரி பாக்ஸ். அதில் மாத்திரை அட்டையின் குழிகளைக் கத்தரித்து ஒட்டி, ட்யூப் நிறங்களைப் பிதுக்கிக் காயவிட்டிருக்கிறேன். ஆறே நிறம். அதில் அல்ட்ராமரீன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் கலந்தால் வரும் சாம்பல் இருக்கிறதே, ஐப்பசி மேகம், திண்ணை நிழல், காக்கையின் கழுத்து எல்லாம் அதற்குள் இருக்கிறது. நீலம் கூடினால் குளிர்ந்துவிடும், பழுப்பு கூடினால் வெயில் ஏறிவிடும். கறுப்பு ட்யூப் நான் வாங்கியதே இல்லை.

காகிதத்தை 300 ஜிஎஸ்எம் கனத்தில் முழு ஷீட்டாக வாங்குங்கள். 22க்கு 30 அங்குலம் இருக்கும். எட்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் 11க்கு ஏழரை அங்குலம். ஒரு பரீட்சை அட்டையில் கிளிப் போட்டு, பெட்டியோடு ஃப்ரிட்ஜ் தலையில் வையுங்கள். பரணுக்குத் திரும்பப் போகக் கூடாது. கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொன்று. எழுந்து போகும்போது காகிதத்தின் பின்பக்கம் பென்சிலால் அடுத்த வேலையை எழுதிவிடுங்கள். ‘வாசல் நிழல், இன்னும் ஒரு பூச்சு’ என்று நாலைந்து வார்த்தை போதும். அடுத்த முறை உட்கார்ந்ததும் எங்கே தொடங்குவது என்று யோசிக்க வேண்டியதில்லை, கை நேராக அங்கே போய்விடும். என்னுடைய எத்தனையோ படங்களின் முதுகில் பால் கணக்குக்குப் பக்கத்தில் இப்படிக் குறிப்பு இருக்கிறது.

வீட்டுக்காரரிடமும் பேசுங்கள். ‘எனக்கு நேரமே கிடைப்பதில்லை’ என்று சொன்னால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. ‘ஞாயிறு காலை ஏழிலிருந்து எட்டரை வரை இரண்டு பேரையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று கேளுங்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் காய்கறி நறுக்க உட்காராதீர்கள். அது ரொம்ப முக்கியம்.

திருவள்ளூரிலிருந்து ஒரு வாசகர்: அம்பத்தூரில் லேத் மிஷின் வேலை, தினமும் ரயிலில் போய் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு பென்சில் போர்ட்ரெய்ட் வரைவேன். “இதில் பத்து ரூபாய் வருமா?” என்று மனைவி கேட்கிறார். சொந்தக்காரர்களோ போட்டோவை அனுப்பி இலவசமாக வரைந்து கேட்கிறார்கள். வரைந்து விற்க ஆரம்பிக்கட்டுமா?

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் மனைவி ரூபாயைப் பற்றிக் கேட்பதாக எனக்குத் தோன்றவில்லை. வாரத்தில் ஆறு நாள் நீங்கள் வேலையில், ஏழாம் நாள் மூடிய கதவுக்குப் பின்னால். அவர் கேட்பது அந்தக் கதவைப் பற்றி.

நீங்கள் தினமும் ரயிலில் போய் வருகிறீர்கள். அதுதான் உங்கள் வரையும் அறை. சட்டைப்பையில் அடங்கும் நோட்டும் ஒரு 4பி பென்சிலும் போதும். நான் மனித முகம் கற்றுக்கொண்டது குத்தாலத்துக்கும் ஆடுதுறைக்கும் நடுவில்தான். வண்டி ஓடும்போது கை ஆடும், நேர்கோடு வராது. அதனால் ஓடும்போது புடவை மடிப்பு, கூடை, ஜன்னல் கம்பி. ஸ்டேஷனில் வண்டி நிற்கும் ஒரு நிமிஷத்தில் கண், மூக்கு, வாய். அந்த ஒரு நிமிஷத்துக்காக ஓடும் நேரமெல்லாம் முகத்தைப் பார்த்துப் பார்த்து மனசில் வைத்துக்கொள்வேன். ஒரு தடவை திருவிடைமருதூரில் வண்டி நின்றபோது, பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா பல்லில் நாரைக் கடித்தபடி நிமிர்ந்தார். நாரைக் கடித்த வாயின் இழுப்பு, கீழுதட்டில் விழுந்த நிழல், எல்லாம் ஏழெட்டுக் கோடுதான். இன்றைக்கும் நான் வரைந்த முகங்களில் அதுவே சிறந்தது என்று நினைக்கிறேன். போட்டோவைப் பார்த்து எட்டு மணி நேரம் தேய்த்தாலும் அது வராது.

ரயிலில் வரைந்துவிட்டால் ஞாயிறு பாதி உங்கள் குடும்பத்துக்குத் திரும்பும். மீதிப் பாதியில் கதவைத் திறந்து வைத்து வரையுங்கள்.

விற்பனை பற்றி. 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் சேர்ந்து சென்னைக்கு வெளியே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். அவர்கள் சாப்பாட்டுக்காக, மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றார்கள். ஓவியத்தை வாங்குபவரின் விருப்பத்துக்கு வளைக்காமல் காப்பாற்ற அந்தக் கைத்தொழில் உதவியது. உங்களுக்கு அந்த வேலையை லேத் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. கொஞ்ச காலம் அப்படியே இருக்கட்டும். விற்கத் தொடங்கினால் உங்கள் ஞாயிறு அடுத்தவர் போட்டோவுக்குப் போய்விடும்.

சொந்தக்காரர்களிடம் ஒன்று சொல்லுங்கள்: “போட்டோ வேண்டாம், வீட்டுக்கு வாருங்கள், இருபது நிமிஷம் எதிரில் உட்காருங்கள்.” உண்மையாகவே ஆசைப்படுபவர் வருவார். அவரை வரைவது உங்களுக்கும் நல்ல பயிற்சி.

விருதுநகரிலிருந்து ஒரு வாசகி, பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்: பள்ளிக்கூட ஆசிரியை நான், திருமணம் செய்துகொள்ளவில்லை. அம்மா பக்கவாதத்தில் படுத்து மூன்று வருடம். இரவு அவர் தூங்கிய பிறகு வரைய உட்கார்ந்தால், அம்மா இப்படிக் கிடக்கும்போது நமக்கு நிறமும் பிரஷ்ஷுமா என்று மனசு குத்துகிறது.

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத வரவில்லை. இரண்டு நாள் கையில் வைத்திருந்தேன்.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கம் எல்.எஸ். லௌரி என்று ஓர் ஓவியர் இருந்தார். பகலில் வாடகை வசூலிக்கும் வேலை. படுக்கையில் விழுந்த தாயை, 1939-ல் அந்தத் தாய் இறக்கும்வரை பார்த்துக்கொண்டார். தாய் தூங்கிய பிறகு ராத்திரியில்தான் வரைந்தார். ஆலைகளும் புகைபோக்கிகளும் குனிந்து நடக்கும் சின்னச் சின்ன மனிதர்களும் அந்த ராத்திரிகளில் பிறந்தவை. 1952-ல் ஓய்வு பெறும்வரை வேலையையும் விடவில்லை. தன்னை ஓய்வுநேர ஓவியன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்று அந்த வேலையைப் பற்றி வெளியே பேசவே மாட்டார். உங்களைப் போல ராத்திரியில் உட்கார்ந்தவர்கள் உலகத்தில் இருந்திருக்கிறார்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் மாமியார் கடைசி பதினான்கு மாதம் படுக்கையில் இருந்தார். எனக்கும் அதே குத்தல் இருந்தது. ஒரு நாள் மருந்து கொடுத்துவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகாமல் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். போர்வைக்கு மேல் அவர் வலது கை கிடந்தது. அதை வரைந்தேன். நாற்பது வருடம் அந்தக் கை மாவரைத்திருக்கிறது. கட்டைவிரல் கணு புடைத்து ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. மோதிரத்தைக் கழற்றிய இடத்தில் தோல் வெளுத்து, நூல் கட்டிய மாதிரி ஒரு பள்ளம். அத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அந்தப் பள்ளத்தை நான் பார்த்ததில்லை. அவர் கண்ணைத் திறந்து, “என்னடி பண்றே?” என்றார். காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “எங்கம்மா கை மாதிரி இருக்கு” என்றார். அதற்கப்புறம் நான் மருந்தோடு போனால், நோட்டு எங்கே என்று அவரே கேட்பார். கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து வைத்துக்கொள்வார்.

அம்மாவையே வரையுங்கள் என்று உங்களுக்குக் கட்டளை போட மாட்டேன். சிலருக்கு அது இன்னும் வலிக்கும். பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் செடியை வரைந்தாலும் போதும். ஒரே அறையில், ஒரே விளக்கில் இருங்கள். அப்புறம், மூன்று வருடமாக ராத்திரித் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறீர்கள். வாரத்தில் இரண்டு சாயங்காலமாவது அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்ய முடியுமா என்று பாருங்கள். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் தயங்காமல் கேளுங்கள். நீங்கள் கேட்பது சலுகை இல்லை.

சிதம்பரத்திலிருந்து ஒரு வாசகர்: 61 வயது. இப்போது ஆரம்பித்தால் கை வருமா?

வரும் ஐயா. ரவீந்திரநாத் தாகூர் ஓவியத்தில் முழுமூச்சாக இறங்கியது அறுபதைத் தாண்டிய பிறகுதான். கவிதைக் கையெழுத்துப் படியில் அடித்த வரிகளைக் கோடுகளால் இணைத்து இணைத்துப் பறவையாகவும் விலங்காகவும் மாற்றிக்கொண்டே போனார். 1930-ல் பாரிஸில் முதல் கண்காட்சி வைத்தபோது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். தினமும் காலை காபி டம்ளரை வரையுங்கள். அதன் வாய் வட்டம் நீள்வட்டமாகத் தெரிவதைக் கண் ஒத்துக்கொள்ளவே ஒரு மாதம் ஆகும். அதுவரை வேறு எதற்கும் போக வேண்டாம்.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகி: ஆறு வயது மகன், நான் பாதி முடித்திருந்த குளத்துப் படத்தில் கிரேயானால் படகு வரைந்துவிட்டான். அடிக்கவும் மனசில்லை, அழுகையும் வந்தது. அதை அழிக்க வழி உண்டா?

அழுதது நியாயம்தான். அடிக்காமல் இருந்ததற்குச் சந்தோஷம். கனமான காகிதமாக இருந்தால் பிளேடைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்து மெதுவாகச் சுரண்டலாம், முக்கால்வாசி போகும். மெழுகின் சாயல் கொஞ்சம் தங்கும், அந்த இடத்தில் வாட்டர் கலர் ஒட்டாது.

என் மகள் ஐந்து வயதில் என் மகாமகக் குளத்துக்குள் ஓர் ஆரஞ்சுப் படகு விட்டாள். நான் அதைச் சுரண்டவில்லை. இப்போது அந்தப் படம் அவள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

மெழுகில் நிறம் ஒட்டாது என்பதை நீங்களே பயன்படுத்திக்கொள்ளலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை புதுக் காகிதம் எடுத்து, மகன் கையில் வெள்ளை கிரேயானைக் கொடுங்கள். தண்ணீர் மேல் வெயில் மின்னுகிற இடங்களில் அழுத்தி அழுத்திக் கோடு போடச் சொல்லுங்கள். வெள்ளைக் காகிதத்தில் வெள்ளைக் கோடு, ஒன்றும் தெரியாது. அவன் சந்தேகமாகப் பார்ப்பான். அப்புறம் நீங்கள் அகல பிரஷ்ஷில் நீலத்தைத் தாராளமாகத் தொட்டு, மேலிருந்து கீழே ஒரே வீச்சில் ஓட்டுங்கள்.