போர்க்காலப் போக்குவரத்துக் கப்பல்கள் எத்தனை ஆண்டுகள் உழைத்தன?

இரண்டாம் உலகப்போர் முடியும்வரை தாங்கினால் போதும் என்ற அவசரத்தில் கட்டப்பட்டவைதான் பெரும்பாலானவை. 1945-க்குப் பிறகு நிறைய கப்பல்கள் பழைய இரும்பாகப் போயின. ஆனால் விதிவிலக்கு உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்கக் கடற்படையின் எல்எஸ்டி-325.

எல்எஸ்டி என்பது டாங்கிகளை நேராகக் கடற்கரையிலேயே இறக்கும் கப்பல். அடிப்பாகம் தட்டையாக இருக்கும். முன்பக்கம் இரு கதவுகள் திறக்க, சாய்தளம் வழியாக வண்டிகள் இறங்கும். துறைமுகமே தேவையில்லை.

325, பிலடெல்பியாவில் கட்டப்பட்டு 1943 பிப்ரவரியில் பணியில் சேர்ந்தது. அதே ஆண்டு இத்தாலியின் சிசிலி, சலேர்னோ தரையிறக்கங்களில் பங்கெடுத்தது. 1944 ஜூனில் பிரான்ஸின் நார்மண்டி தரையிறக்கம். அங்கே ஒமாஹா என்று பெயரிட்ட கரைக்கு வீரர்களையும் வண்டிகளையும் கொண்டுபோய், திரும்பும்போது காயம்பட்டவர்களை இங்கிலாந்துக்கு ஏற்றிவந்தது. இப்படி ஆங்கிலக் கால்வாயை 40 முறைக்கு மேல் கடந்திருக்கிறது.

1946-இல் ஓய்வு. 1950-களில் ஆர்க்டிக் பகுதி ராடார் நிலையங்கள் கட்டும் வேலைக்கு மறுபடி அழைத்தார்கள். அப்புறம் 1964-இல் கிரேக்கக் கடற்படைக்குப் போய், 'சிரோஸ்' என்ற பெயரில் 1999 வரை ஓடியது.

கதை அதோடு முடியவில்லை. 2000-ஆம் ஆண்டில், பெரும்பாலும் எழுபது வயது தாண்டிய முன்னாள் மாலுமிகள் கிரேக்கத்தின் கிரீட் தீவுக்குப் போய், அந்தக் கப்பலைத் தாங்களே பழுதுபார்த்து, அட்லாண்டிக்கைக் கடந்து ஓட்டிவந்தார்கள். 2001 ஜனவரியில் அது அலபாமாவின் மொபைல் துறைமுகத்தை அடைந்தது. அந்தப் பெரியவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். இப்போது இண்டியானாவின் எவன்ஸ்வில்லில் அருங்காட்சியகமாக இருக்கிறது. இன்னமும் சொந்த எஞ்சினில் ஓடும்.