காட்டு ஆள்தின்னிப் படங்களில் அப்படி என்னதான் இருக்கிறது?

நாலு பேர் காட்டுக்குள் போகிறார்கள், ஆள்தின்னிகள் பிடித்துத் தின்கிறார்கள், அஞ்சு பைசா செலவில்லாமல் எடுத்த இந்தக் குப்பையை எப்படி உட்கார்ந்து பார்க்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை. எரிச்சலோடுதான் பார்க்கிறேன், ஆனாலும் பார்க்கிறேன்.

எனக்குக் குமுளி. செக்போஸ்டைத் தாண்டினால் கேரளா, இந்தப் பக்கம் இறங்கினால் கம்பம். இருபது வருஷத்துக்கு முன்னால் இங்கே சிடி வாடகைக்கு விடும் மலையாளி சேட்டன் ஒருவர், அட்டைப்படம் இல்லாத வெறும் கவரில் ஒன்றைக் கொடுத்து, "அம்ம இல்லாத்தப்போ கண்டா மதி" என்றார். அதுதான் கேன்னிபல் ஹோலோகாஸ்ட். 1980-இல் இத்தாலிக்காரர் ருஜேரோ தியோதாத்தோ எடுத்தது. அமேசான் காட்டில் காணாமல் போன படக்குழுவின் பிலிம் சுருள்கள் கிடைக்கின்றன, அதைப் போட்டுப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான் கதை. அந்தச் சுருள் பகுதியை 16 எம்எம்மில் எடுத்திருப்பார்கள். கேமரா ஆடும், கோடு விழும், முக்கியமான நேரத்தில் ஒன்றும் தெரியாது. பெரிய பட்ஜெட் படத்தில் எல்லாமே பளிச்சென்று தெரிவதால் 'சரி, சினிமா' என்று மனசு ஒதுங்கிக்கொள்ளும், இதில் அப்படி ஒதுங்க முடியாது. கல்யாண வீடியோ மாதிரி இருப்பதுதான் அதன் பலமே. போதாததற்கு ரிஸ் ஓர்த்தொலானியின் இசை வேறு, தாலாட்டு மாதிரி அவ்வளவு இனிமையாகப் போகும், திரையில் நடப்பதோ வேறு.

மிலானில் படம் வெளியாகிப் பத்து நாளிலேயே பறிமுதல் செய்துவிட்டார்கள். நடிகர்களைத் தியோதாத்தோ நிஜமாகவே கொன்றுவிட்டார் என்று பேச்சு. படம் நிஜம்போல் தோன்ற வேண்டும் என்பதற்காக ஒரு வருஷம் எங்கேயும் தலைகாட்டக் கூடாது என்று அவர்களிடம் எழுதி வாங்கியிருந்தார், அது அவர் தலையிலேயே விடிந்தது. கடைசியில் அவர்களைத் தேடிப் பிடித்து, உயிரோடுதான் இருக்கிறார்கள் என்று காட்ட வேண்டியதாயிற்று. கழுமரத்தில் ஏற்றிய பெண் காட்சிக்கும் விளக்கம் சொன்னார்: கம்பியில் சைக்கிள் சீட்டைப் பொருத்தி அதில் உட்காரவைத்து, வாயில் ஒரு மரக்குச்சியைக் கவ்வச் சொன்னார்களாம். இந்த மூளைக்காகத்தான் இந்த மாதிரிப் படங்களை விட முடியவில்லை.

அப்புறம் எரிச்சல். தேக்கடிக் காட்டில் வாட்ச்சராக இருந்த, பளியர் பழங்குடியைச் சேர்ந்த அண்ணன் ஒருவர் எங்களுக்குப் பழக்கம். ஒருநாள் வீட்டுக்கு வந்தவரைப் பிடித்து இதே ரகத்தில் இன்னொரு படத்தைப் போட்டுக் காட்டினேன். ஈட்டியோடு ஐம்பது பேர் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, வேட்டைக்குப் போறவன் எவனாச்சும் கத்திக்கிட்டுப் போவானா? கத்துனா எலி கூட நிக்காதுப்பா" என்றார். எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. காட்டுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தும் தோன்றவில்லை.

அதற்கப்புறம் எந்தப் படத்தைப் பார்த்தாலும் கண் அங்கேதான் போகிறது. கேன்னிபல் ஹோலோகாஸ்டில் வருகிறவர்களுக்கு யானோமாமோ என்று நிஜமான ஒரு மக்களின் பெயரையே வைத்தார்கள். அந்த மக்கள் வெனிசுலா, பிரேசில் எல்லைக் காட்டில் இருப்பவர்கள், படம் எடுத்ததோ பல நூறு கிலோமீட்டர் தள்ளி, கொலம்பியாவின் லெத்தீசியா பக்கம். செத்துப்போன சொந்தக்காரரின் எலும்புச் சாம்பலை வாழைப்பழக் கூழில் கலந்து குடிப்பது அவர்கள் வழக்கம். அது துக்கச் சடங்கு. படத்தில் அது பச்சை மாமிசத்தைக் கடித்து இழுப்பதாக ஆகிவிட்டது. 1978-இல் வந்த செர்ஜியோ மார்த்தினோ படம் இன்னும் வேடிக்கை. கதை நியூ கினியாவில் நடக்கிறது, எடுத்தது இலங்கையில். சாயம் பூசிய அந்த முகங்களைப் பார்த்தால் எனக்குப் பயம் வருவதற்குப் பதில், கம்பம் பஸ்ஸில் பார்த்த ஆளோ என்றுதான் தோன்றியது.

இதையெல்லாம்கூடச் சிரித்துத் தள்ளிவிடலாம். கேன்னிபல் ஹோலோகாஸ்டில் மிருகங்களைக் கொல்வதைத்தான் தள்ள முடியாது. அதில் சைக்கிள் சீட்டு வித்தை எதுவும் கிடையாது, நிஜக் கொலை. ஒரு குரங்குக் காட்சியை இரண்டு தடவை எடுத்ததால் இரண்டு குரங்கு போயிற்று. பெரிய ஆமை ஒன்றை ஆற்றிலிருந்து இழுத்து வந்து, தலையை வெட்டி, ஓட்டைப் பிளக்கிறார்கள், கேமரா நகரவே நகராது. மனுஷனைக் கொல்வதுபோல் காட்ட அவ்வளவு யோசித்தவர், ஆமைக்கு மட்டும் ஏன் யோசிக்கவில்லை? யோசிக்கச் செலவாகும், ஆமைக்குச் செலவில்லை, அவ்வளவுதான் என்பது என் கணிப்பு.

வாட்ச்சர் அண்ணன் பிறகொரு நாள் இந்தப் படத்தையும் பார்த்தார். ஆமைக் காட்சி வந்ததும், "இத நிறுத்துப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய் பீடி பற்றவைத்தார். திரும்பி உள்ளே வரவில்லை.

மிருகக் காட்சிகளை நீக்கிய பதிப்பும் பின்னாளில் டிவிடியில் வந்தது. இப்போதெல்லாம் அதைத்தான் பார்க்கிறேன். கதையில் எதுவும் விட்டுப்போன மாதிரியே தெரியவில்லை.